மூக்குத்தண்டு

சலவைக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் பிரிப்பறைக்குத்தான் அனுப்புவார்கள். இரண்டாம் நாளே அவர்கள் சூப்பர்வைசர் முன்னால் வந்து நிற்பார்கள். இஸ்திரி ரோலரில் நிறுத்துங்கள், கை வெந்தாலும் பரவாயில்லை. கக்கூஸ் கழுவச் சொல்லுங்கள், கழுவுகிறேன். அந்த அறை மட்டும் வேண்டாம் என்பார்கள். பதினேழு வருஷமாக அந்த அறையை விட்டு அசையாமல் நின்றது பெரியக்கா ஒருத்திதான்.

நாலு ஆஸ்பத்திரி, ஒன்பது விடுதி, இரண்டு முதியோர் இல்லம். இத்தனை இடத்து அழுக்கும் விடிந்ததும் மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்கும். முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறி, ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கும், எண்ணெய் பட்டதைச் சோடாத் தொட்டிக்கும், வெறும் வேர்வையை நேராக மெஷினுக்கும் பிரித்துப் போட வேண்டும். தப்பித் தவறி ரத்தத்தை வெந்நீரில் போட்டுவிட்டால் அந்தக் கறை ஜென்மத்துக்கும் போகாது. உதறும்போது உள்ளேயிருந்து என்னென்னவோ விழும். கரண்டி, ஊசி, தெர்மாமீட்டர், ஒற்றைக் கம்மல். ஒரு தடவை முழுப் பல்செட் ஒன்று விழுந்தது. பெரியக்கா அதைக் கழுவித் தாளில் சுற்றி, மூட்டையின் நிறத்தை வைத்து எந்த இடம், எந்த வார்டு என்று கண்டுபிடித்து அடுத்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினாள். அங்கே யாரோ ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பார், பாவம் என்றாள்.

கை அவ்வளவு சுத்தம், கண் அவ்வளவு கூர்மை. ஆனால் அவளை அங்கே நிறுத்தி வைத்தது கையும் இல்லை, கண்ணும் இல்லை. மூக்கு.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த மூக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நல்ல எடுப்பான மூக்கு. உள்ளேதான் வழி இல்லை. இடது பக்கம் அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காற்றே போனதில்லை. வலது பக்கம் அதன் இஷ்டத்துக்குத் திறக்கும், மூடும். மற்ற நேரமெல்லாம் வாயால்தான் மூச்சு. உதடு எப்போதும் வெடித்துக் கிடக்கும். சாப்பிடும்போது இரண்டு வாய் மென்றால் ஒரு தடவை வாயைத் திறந்து மூச்சு வாங்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் கூச்சப்பட்டே எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டோடு அடுப்பு மேடைப் பக்கம் போய்விடுவாள். "மாமா" என்று மாமனாரைக் கூப்பிட்டால் அது "பாபா" என்றுதான் கேட்கும். வாசனையென்று ஒன்று இருப்பது மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும்.

வீட்டிலும் அவள் பெரியக்காதான். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கொழுந்தனுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவான். கொழுந்தன் பெண்டாட்டி சின்னவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். மாமனார் ஒரு காலத்தில் கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவர். பன்னிரண்டு மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து டீ குடித்த மனுஷன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, முன்னறைக் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார்.

அவரைப் படுக்கையில் துடைத்துவிடுவது, கீழ்த்துணி மாற்றுவது, சட்டி எடுப்பது எல்லாம் பெரியக்கா தலையில் விழுந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் சின்னவள் வாசல்வரை வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். "எனக்குக் குமட்டுது அக்கா. உங்களுக்குத்தான் தெரியாதே" என்றாள். புருஷனும் அதையே சொன்னார். அடைத்துக்கொண்ட சாக்கடை, செத்துக் கிடந்த எலி, புளித்துப்போன பால் என்று அதற்கப்புறம் எது வந்தாலும் "உங்களுக்குத்தான் தெரியாதே" என்ற ஒற்றை வரியோடு அவளிடம் வந்து நின்றது. அவளும் மூச்சு விடாமல் செய்துகொண்டிருந்தாள். மூச்சு விடாமல் என்று சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது அந்தத் துண்டு விவகாரம்தான்.

ஒரு விடுதியின் மசாஜ் அறையிலிருந்து வந்த துண்டுகளில் எண்ணெய் சரியாகப் போகவில்லை. ட்ரையரில் காய்ந்ததும் அந்தச் சூட்டோடு யாரோ குவித்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். எண்ணெய்த் துணி சூட்டோடு கிடந்தால் தானே உள்ளுக்குள் கனியும். முதலில் தீய்ந்த நாற்றம், அப்புறம் புகை. மெஷின்களை நிறுத்திவிட்டு நாற்பது பேரும் வெளியே ஓடினார்கள்.

பெரியக்கா கதவைச் சாத்திக்கொண்டு பிரிப்பறையில் நின்றிருந்தாள். கண் எரிந்தது. பிளீச்சிங் தண்ணீர் கொஞ்சம் காரமாகக் கலந்துவிட்டது போல என்று நினைத்தாள். எரிச்சல் தாங்காமல் கதவைத் திறந்தபோது கூடம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பதினேழு வருஷத்தில் பகல் வேளையில் அந்த மெஷின்கள் ஓடாமல் அவள் பார்த்ததே இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். மற்றவர்களானால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவளுக்குப் பொத்த வேண்டியது வாய். வாயைப் பொத்தினால் மூச்சே இல்லை. பாதிப் புகையை விழுங்கிக்கொண்டுதான் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

வெளியே எல்லோரும் மர நிழலில் நின்றிருந்தார்கள். ஒருத்தர் கையில் டீ கூட இருந்தது. அவளைப் பார்த்ததும் கஞ்சிக்காரி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கஞ்சித் தொட்டியில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சலவைக்கூடத்தில் பெரியக்காவை ஒருமையில் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாத்தம் வந்ததும் ஓடி வந்திருப்பீங்கன்னு நினைச்சோம் பெரியக்கா. உங்க மூக்கு விஷயம் அந்த நேரத்துல மறந்தே போச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததல்ல, பயம் விலகினால் வருமே, அந்தச் சிரிப்பு. ஆனாலும் பெரியக்கா இருமலை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மெஷின் ஏதாவது உள்ளே மாட்டியிருந்தால் மறந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை கஞ்சிக்காரியைக் கூட்டிக்கொண்டு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் இரண்டு மணி நேரம் வரிசை. டாக்டரம்மா நெற்றியில் விளக்கு மாட்டியிருந்தார். மூக்குக்குள் மருந்து நனைத்த பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லி, அப்புறம் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். பக்கத்துத் திரையில் ஈரச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. டாக்டரம்மா பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது மூக்குத்தண்டு. ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர். இது நேரா இருக்கணும். உங்களுக்குப் பாதி வழியில இடது பக்கமா மடங்கிப் போயிருக்கு. அந்தப் பக்கம் வழியே இல்ல. வலது பக்கம் வெறும் இடம் கிடக்குதேன்னு சதை வீங்கி அடைச்சிருக்கு."

எப்போது அடிபட்டது என்று கேட்டார். அடிபட்ட ஞாபகம் இல்லை என்றாள். சில பேருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும், குழந்தையில் எங்காவது முட்டி யாரும் கவனிக்காமலும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. பெரியக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னக் குரலில் ஒன்று கேட்டாள்.

"எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் காத்து வருமா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார். "வரும்மா" என்றார்.

ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். மயக்க மருந்து கொடுத்து மூக்குக்குள்ளேயே கிழித்து, கோணலாக நிற்கிற குருத்தெலும்பை எடுத்து நேராக்கி வைத்துத் தைப்பார்கள். வெளியே தழும்பு வராது, மூக்கின் அமைப்பும் மாறாது. மூச்சு நன்றாக வரும். வாசனையைப் பற்றி மட்டும் உறுதி சொல்ல முடியாது. வரலாம், வராமலும் போகலாம். இரண்டு வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் பெரியக்கா முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தாள். மாமனார் சாப்பிட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியை அவர் மூக்கின் கீழே பிடித்தாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டமாக ஆவி படிந்தது. அடுத்து, தையல் மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிய சின்னவள் மூக்கில் பிடித்தாள். அங்கேயும் இரண்டு. தன் மூக்கின் கீழே பிடித்தாள். வெகுநேரம் பிடித்தும் வலது பக்கம் ஒரு கடுகளவு படிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. நாற்பத்து நாலு வருஷம் இதைத்தான் மூச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தோமா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புருஷனிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவே இல்லை. மூச்சு வராமலா இத்தனை வருஷம் நடமாடுகிறாய் என்றார். இந்த வயதில் கத்தி எதற்கு என்றார். மூக்கு என்றால் மூளைக்குப் பக்கம், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பார்ப்பது என்றார். சின்னவள் தைத்துக்கொண்டே, சினிமாக்காரிகள்தான் மூக்கைத் திருத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாள். கடைசியில் புருஷன் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"சரி, ரெண்டு வாரம் நீ குனியக் கூடாதுன்னா அப்பாவ யாரு பாக்குறது?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன்."

"எனக்கு அந்த வாடை ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கு ராத்திரி முழுக்க மூச்சு முட்டுறது உங்களுக்குத் தெரியுமா? நீங்க தலகாணியத் தூக்கிக்கிட்டு வேற ரூமுக்குப் போய் ஆறு வருஷமாச்சு."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சூப்பர்வைசர் அப்படியில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ரொம்பப் பிரியமாகப் பேசினார். பெரியக்காவைவிட வயதில் சின்னவர். இந்த இடமே உங்களை நம்பித்தான் ஓடுகிறது என்றார். ஒரு மாதம் லீவு என்றால் பிரிப்பறைக்கு ஆளுக்கு எங்கே போவேன் என்றார். அவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்று தெரிந்ததும் மேஜைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன் பெரியக்கா. மூக்கு திறந்துட்டா அப்புறம் அந்த ரூம்ல உங்களால எப்படி நிக்க முடியும்? யோசிச்சீங்களா?"

பெரியக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் யோசிக்கல சார். நீங்கதான் யோசிச்சிருக்கீங்க."

லீவுச் சீட்டில் அவர் கையெழுத்துப் போடுகிறவரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே மூன்று பேர் காத்து நின்றார்கள். நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

குறித்த நாளில் கஞ்சிக்காரிதான் கூடப் போனாள். வெறும் வயிறு, பச்சை அங்கி, கையில் ஊசி. நர்ஸம்மா சம்மதத் தாளைக் கொண்டுவந்து, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டாள். "மூக்கு என்னோடதும்மா, நானே போடுறேன்" என்று பெரியக்கா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்குக் கீழே கஞ்சிக்காரி போட்டாள். உறவு என்று இருந்த கட்டத்தில் என்ன எழுத என்று நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் தானே 'சிநேகிதி' என்று எழுதினாள்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் தாழ்வாரத்துக் கடைசியில் புருஷன் தெரிந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு அப்படியே வந்திருந்தார். கிட்டே வரவில்லை. கையில் ஃபிளாஸ்க். மயக்கம் தெளிகிறவரை அந்த பெஞ்சிலேயே இருந்தாராம். ஒரே ஒரு தடவை டாக்டரம்மாவை நிறுத்தி, முகம் ஆள் அடையாளம் மாறிவிடுமா என்று கேட்டாராம். கஞ்சிக்காரி இதை அப்புறம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

கண் விழித்தபோது தொண்டை முள்ளாக இருந்தது. மூக்கின் உள்ளே இரண்டு பக்கமும் மெல்லிய சிலிக்கான் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். கீழே பஞ்சு கட்டியிருந்தது, ரத்தம் சொட்டுச் சொட்டாக ஊறியது. இருந்த கடுகளவு காற்றும் இப்போது இல்லை. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தாள். ஒரு வாரம் இப்படித்தான் இருக்கும், வீக்கம் வடியணும் என்று நர்ஸம்மா தலையணையை உயர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. மாமனார் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். தையல் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. புருஷன் வேன் சாவியைத் தேடினார், சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மாமனார் இரண்டாவது முறை கூப்பிட்டார். புருஷன் பெரியக்கா முகத்தைப் பார்த்தார்.

"ஒரு தடவ மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

பெரியக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கி, மூக்கின் கீழே பஞ்சோடு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "அவர் பெத்த பிள்ளை நீங்களா, நானா?"

வார்த்தை அரைகுறையாகத்தான் வந்தது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. தையல் மெஷின் நின்றது.

புருஷன் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து கிணற்றடியில் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு மறுபடி போனார். துணியை எந்தப் பக்கம் உருவுவது, ஆளை எந்தப் பக்கம் புரட்டுவது என்று ஒன்றும் தெரியவில்லை. பெரியக்கா இருந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். உள்ளேயிருந்து மாமனாரின் சிரிப்பு கேட்டது. பாதி வாயால் அவர் சிரிப்பது கொக்கரிப்பு மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் சின்னவள் முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, போருக்குப் போகிறவள் மாதிரி வெந்நீரோடு உள்ளே போனாள். யாரும் சாகவில்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மா தையலை வெட்டி இரண்டு தகட்டையும் இழுத்து எடுத்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாயை மூடிக்கொண்டு மூச்சு இழுங்கள் என்றார். அவளுக்கு வாயை மூடவே பயமாக இருந்தது. மூடி இழுத்தாள். யாரோ சில்லென்ற தண்ணீரை மூக்குக்குள் ஊற்றியது போல் உச்சி வரைக்கும் ஏறியது. இரண்டு பக்கமும். பயந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி இழுத்தாள். பக்கத்தில் நின்ற கஞ்சிக்காரியைப் பார்த்து, "இப்படியாடி இருப்பீங்க எல்லாரும்?" என்று கேட்டாள்.

நன்றாகத் தூங்கினாள். மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவிக் கழுவி அடைசல் எல்லாம் வந்துகொண்டிருந்தது. வாசனை மட்டும் வரவில்லை. வராவிட்டால் போகிறது, மூச்சு வந்ததே பெரிது என்றிருந்தாள்.

மூன்றாவது வாரக் கடைசியில், மாமனாருக்கு முட்டை அவித்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். எதுவோ ஒன்று கையிலிருந்து மூக்குக்கு ஏறியது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. சின்னவளிடம் முட்டையை நீட்டி இது என்ன என்று கேட்டாள். முட்டை வாசனை அக்கா என்றாள் சின்னவள். அன்று முழுக்க பெரியக்கா சோப்பு, மண்ணெண்ணெய், ஈர மண், புருஷனின் சட்டைக் காலர் என்று வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காலரை மோந்துவிட்டு, இதை இத்தனை நாள் என்னிடம் மறைத்து வைத்திருந்தீர்களா என்று கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வாசலிலேயே கால் ஒரு நொடி தயங்கியது. முகம் மாறாமல் பார்த்துக்கொண்டுதான் போனாள். மாமனாரின் கண் கூர்மை. பன்னிரண்டு மாடி மேலிருந்து கீழே நிற்கிறவன் கைச்சைகையைப் பார்த்து வேலை செய்த கண். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இனிமே... நீ வராதம்மா" என்றார். நாக்குக் குழறியது.

"ஏன் மாமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். 'மாமா' என்று சுத்தமாக வந்திருந்தது. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"இத்தன நாள்... உனக்குத் தெரியாதுன்னு... ஒரு தைரியத்துல கிடந்தேன்."

பெரியக்கா தட்டை வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முட்டையைப் பிட்டு அவர் வாயில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்கிறதுனால நான் செய்யல மாமா. அப்படின்னு அவங்கதான் நினைச்சாங்க. இனிமே காலையில உங்க பிள்ளை, மதியம் சின்னவ, சாயங்காலம் நான். வாடைய மூணு பங்கா வச்சுக்குவோம். நீங்க மென்னு முழுங்குங்க."

அவர் மென்றார்.

லீவு முடிந்த திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சூப்பர்வைசர் வாசலில் நின்று வரவேற்றார். ஒரு மாதமாக ஆள் மாற்றி ஆள் போட்டுப் பிரிப்பறை குப்பைமேடாகிக் கிடந்தது. பெரியக்கா முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

அது மூன்று நாள் கட்டிக் கிடந்த மூட்டை. நாற்றம் என்று சொன்னால் போதாது. கை வைத்துப் பிடித்துத் தள்ளியது போல் இருந்தது.  வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி நின்றாள். பத்து நிமிஷம். திரும்பவும் ஓடினாள். சூப்பர்வைசர் தலையை ஆட்டினார், நான் அன்றைக்கே சொன்னேனே என்ற ஆட்டு. வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி மறுபடி அடைத்துக்கொண்டு வரலாம் என்று ஒரு தமாஷும் சொன்னார்.

பெரியக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். மூட்டையைத் தொடவில்லை. நாலு சுவரையும் முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பின்பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பிளைவுட் பலகை அடித்திருந்தது. பலகையென்றால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்க வேண்டும். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ட்ரையர் கதவு நெம்புகிற இரும்புப் பட்டையை எடுத்து வரச் சொல்லிக் கஞ்சிக்காரிக்குக் குரல் கொடுத்தாள். கஞ்சிக்காரி ஏன் எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு ஆணி. மூன்று சுலபமாக வந்தன. நாலாவது துருப்பிடித்துப் போயிருந்தது, அதை நெம்பியதில் பலகையே உடைந்தது. பின்னால் நல்ல பெரிய ஜன்னல், கம்பியோடு. வெளிச்சம் பொத்தென்று மூட்டைகள் மேல் விழுந்தது. காற்று உள்ளே வந்தது. உள்ளே இருந்தது வெளியே போனது.

வெளியே எங்கே போயிற்று என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஆபீஸ் அறை. சூப்பர்வைசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். யாரைக் கேட்டு உடைத்தீர்கள் என்று கேட்டார். எல்லாம் என் ரூமுக்கு வருது என்றார்.

"ஆமா சார்" என்றாள் பெரியக்கா, ஸ்டூலிலிருந்து இறங்காமல். "எனக்கும் வருது."

ரோலர் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூடுங்கள் என்றார் சூப்பர்வைசர். மூட மாட்டேன் என்றாள். அப்படியானால் வேலையை விட்டுப் போங்கள் என்றார். அவள் பட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"போறேன். போறதுக்கு முன்னாடி நீங்க கதவச் சாத்திக்கிட்டு இந்த ஒரு மூட்டைய மட்டும் பிரிச்சுக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் நகரவில்லை. கஞ்சிக்காரி போய்த் தொட்டி சுவிட்சை அணைத்தாள். ரோலரும் நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நின்றன. இந்த முறை புகை எதுவும் இல்லை.

முதலாளி மதியத்துக்கு மேல் வந்தார். பிரிப்பறை வாசலுக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. ஒரு அடி உள்ளே வைத்துவிட்டுப் பின்வாங்கினார். இங்கே இத்தனை நாள் யார் வேலை பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றாள் பெரியக்கா. அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

பேச்சு சாயங்காலம் வரை நடந்தது. ஜன்னல் திறந்தே இருக்கும் என்று முடிவானது. வியாழக்கிழமை காற்றை வெளியே இழுக்கிற பெரிய மின்விசிறி ஒன்று வந்தது. நல்ல கையுறை, முகமூடி வந்தது. மூட்டை மூன்று நாள் கிடக்கக் கூடாது, வந்த அன்றே பிரிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். பிரிப்பறை இனி ஒருத்தர் தலையில் இல்லை, வாரம் இரண்டு பேராக எல்லோருக்கும் முறை. இரண்டு பேர் முனகினார்கள். ஒருத்தர் மூக்கால் அழுதார். முறைப் பட்டியலை மாற்ற முடியவில்லை. ஆபீஸ் அறையை மட்டும் முன்பக்கம் மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மடிப்பு மேஜையில் வேலையாக இருந்தபோது, மெஷின்களுக்கு நடுவே நடைபாதையில் துணி குவிக்கக் கூடாது, தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும் என்று அவள் சத்தம் போட்டாள். சூப்பர்வைசர் கடுகடுவென்று வந்தார். "இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் மூக்க நுழைக்கிறீங்க பெரியக்கா."

"முன்ன நுழையாது சார்" என்றாள். "இப்ப ரெண்டு பக்கமும் நல்லா நுழையுது."

துணி நகர்ந்தது.

ஆறு வாரம் கழித்துப் பிரிப்பறை முறை அவளுக்கு வந்தது. வேறு யாரையாவது போட்டுக்கொள்ளலாமே என்று முதலாளியே ஆள் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றுவிட்டாள். முகமூடியைக் கட்டி, கையுறையை இழுத்து மாட்டி, விசிறியைப் போட்டாள். முதல் மூட்டையை அவிழ்த்ததும் நாற்றம் முகமூடியைத் தாண்டி ஏறியது. பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வாயை இறுக்க மூடிக்கொண்டு, மூக்கால் ஒரு நீள மூச்சு இழுத்தாள். திரும்பி வந்து ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் போட்டாள்.